படகின் ரப்பர் துருத்தியை விரிசலுக்காகக் காத்திருந்து மாற்றக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் படகுப் பராமரிப்பு குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எஞ்சின் ஆயில், பேட்டரி, புரொப்பெல்லர் என்று பலவற்றையும் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, ஸ்டெர்ன்டிரைவ் பொருத்திய படகுகளுக்கு வந்த இடத்தில், ரப்பர் பெல்லோஸில் விரிசல் தென்பட்டால் மாற்றிவிட வேண்டும் என்ற ஒரே வரியுடன் கடந்துவிட்டது. அந்த ஒரு வரியை நம்பி இருந்த படகுக்காரர்கள் பலரின் டிரைவைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில், அதற்கு மறுப்பு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. விரிசல் கண்ணுக்குத் தென்படும் நாளில், பெரும்பாலும், மாற்ற வேண்டிய நாள் கடந்து போயிருக்கும்.

இவ்வகைப் படகைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பில் எஞ்சின் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். கியர்களும் புரொப்பெல்லரும் அடங்கிய டிரைவ் வெளியே தண்ணீரில் தொங்கும். 1959ஆம் ஆண்டு வோல்வோ பென்டா நிறுவனம் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1961இல் அதே வகையில் மெர்குரூசர் என்ற டிரைவ் வந்தது. அன்றிலிருந்து எஞ்சின்கள் எவ்வளவோ மாறியிருந்தாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் தண்டு, பின்பலகையில் வெட்டிய துளை வழியாக, தண்ணீர் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வெளியே செல்கிறது. டிரைவ் திசை திருப்புவதற்காக இடமும் வலமும் அசைய வேண்டும். ஆழமற்ற இடத்தில் மேலே சாயவும் வேண்டும். இப்படி எல்லாப் பக்கமும் அசையும் ஓர் இணைப்பைச் சுற்றி இரும்பாலோ அலுமினியத்தாலோ மூடி போட முடியாது. ஆகவே அடுக்கடுக்கான மடிப்புகள் கொண்ட ரப்பர் குழாய் ஒன்றை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பணிமனைகளில் பெல்லோஸ் என்று அழைக்கப்படும் அதைத்தான் துருத்தி என்கிறேன். கொல்லன் உலையில் இருக்கும் துருத்தி காற்றை ஊதுவதற்காக விரிந்து சுருங்குவது. இதற்கு ஊதும் வேலை கிடையாது, உருவ ஒற்றுமை மட்டுமே. உதிரிபாகக் கடையில் துருத்தி என்று கேட்டால் யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம்.

பெரும்பாலான மாதிரிகளில் இத்தகைய துருத்திகள் மூன்று இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் தண்டையும், டிரைவ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தண்டு சுழல இடம் தரும் யூனிவர்சல் ஜாயின்ட் என்ற இணைப்பையும் மூடியிருக்கும் பெரிய துருத்தி ஒன்று. அதற்குக் கீழே எஞ்சின் புகையை டிரைவுக்குள் கொண்டு செல்லும் துருத்தி ஒன்று. கியர் மாற்றும் கேபிளைச் சுற்றிய விரல் பருமனுள்ள சிறு துருத்தி ஒன்று. புகைத் துருத்தி கிழிந்தால் சத்தம் கூடும், புகை போக வேண்டிய இடத்தை விட்டு வெளியேறும். அதனால் மட்டும் படகு மூழ்குவதில்லை. மற்ற இரண்டும் அப்படியல்ல. விந்தை என்னவென்றால், சத்தத்தை வைத்துப் புகைத் துருத்தியின் கிழிசலை உடனே கண்டுகொள்ளும் உரிமையாளர்கள், கேபிள் துருத்தி என்று ஒன்று இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் படகு ஓட்டுகிறார்கள். சுண்டுவிரல் நுழையும் துளை தண்ணீருக்குப் போதாதா என்ன?

கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம் என்ற கருத்து ஏன் தவறு என்பதற்கு வருகிறேன். ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்கும்போது, காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் அதன் மூலக்கூறுத் தொடர்களைத் தாக்கி அறுக்கிறது. இழுவிசைக்குக் குறுக்காக மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, ஒவ்வொரு முறை மடிந்து விரியும்போதும் சற்றே ஆழமாகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரும் எஞ்சின் அறையின் சூடும் இந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. துருத்தியில் அதிகமாக இழுபடும் இடம் எது? வெளியே புடைத்து நிற்கும் மேட்டுப் பகுதியா என்றால் இல்லை. இரு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான். படகைக் கரையில் நிறுத்திவிட்டு, நின்றபடி குனிந்து பார்ப்பவருக்குக் கறுப்பாக, வழவழப்பாக, புதிது போலத் தெரிவது மேடுகள்தான். பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால், டிரைவை முழுவதுமாக மேலே தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி, தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிளந்து பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கம் திருப்பி அதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். இப்படிப் பார்த்தாலும் துருத்தியின் மேல்பகுதியும் கிளாம்ப்புக்கு அடியில் உள்ள பகுதியும் கண்ணில் படாது. நான் கண்ணை நம்புவதைக் காட்டிலும் விரல் நுனியை நம்புகிறேன். நல்ல ரப்பர் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகும். கெட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் நுண்ணிய மணல் ஒட்டியது போலச் சொரசொரக்கும்.

சென்ற பருவத்தில் நான் கையாண்ட ஒரு படகைச் சொன்னால் விளங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் பின்னாலிருந்து ஓர் உறுமல் வருகிறது, நேராகப் போகும்போது வருவதில்லை என்று அதன் உரிமையாளர் சொன்னார். துருத்தியை அவரே சோதித்துப் பார்த்ததாகவும், விரிசல் எதுவும் இல்லையென்றும் உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை. டிரைவின் நட்டுகளைக் கழற்றி, அதைப் பின்னோக்கி ஒரு சாண் இழுத்ததும், துருத்திக்குள்ளிருந்து காவி கரைத்தது போன்ற தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. யூனிவர்சல் ஜாயின்டின் சிலுவைத் துண்டை அசைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் அசைந்தது, மறு பக்கம் அசைய மறுத்தது. அதன் மூடிக்குள் இருக்க வேண்டிய ஊசி பேரிங்குகளின் இடத்தில் செந்நிறப் பொடி இருந்தது. பின்பலகைப் பக்கத்தில் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைக் கையால் சுழற்றினால் அம்மியில் கல் உப்பு அரைபடும் ஓசை. பிறகு துருத்தியைக் கழற்றி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தேன். அடிப்பக்கத்தில் மூன்றாவது பள்ளத்தில், விரல் நக அகலத்துக்கு ஒரு கீறல்; கத்தியால் கீறியது போலச் சுத்தமான கோடு. ரப்பரை இழுக்காவிட்டால் அது மூடிக்கொள்ளும். டிரைவ் திரும்பும்போது மட்டும் வாய் திறக்கும். அந்த வாய் வழியாகத்தான் ஒரு பருவம் முழுவதும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அவருடைய படகு மூழ்காதது அதிர்ஷ்டம். துருத்திக்குள் நுழையும் தண்ணீரைத் தடுக்க அடுத்து இருப்பது கிம்பல் பேரிங்கும் அதையொட்டிய சீலும்தான். அவை தண்ணீரைத் தேக்கி நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. துரு அரித்த பின் அவற்றைத் தாண்டித் தண்ணீர் படகின் அடிப்பகுதிக்கு வந்து சேரும். அங்கே இருக்கும் பில்ஜ் பம்ப் தானாகவே இயங்கி அதை வெளியேற்றும். உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. பம்ப் அடிக்கடி ஓட ஓடப் பேட்டரி இறங்கும். படகுத்துறையில் யாரும் வராமல் சில நாட்கள் கட்டிக் கிடக்கும் படகில் ஓர் இரவு பேட்டரி முழுவதும் தீர்ந்துபோனால், விடியும்போது கட்டிய கயிறு மட்டும் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். பம்ப் முன்பைவிட அதிகம் ஓடுகிறது என்ற ஐயம் எழுந்த அன்றே துருத்தியைச் சந்தேகிக்க வேண்டும். மழை பெய்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வது மனித இயல்பு.

குறைவாக ஓட்டும் படகில் துருத்தி நீடித்து உழைக்கும் என்று பலர் நம்புவதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. ஓட்டாத படகை நிறுத்தும்போது டிரைவை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போவது வழக்கம். தூக்கிய நிலையில் துருத்தியின் மேல்பக்க மடிப்புகள் ஒன்றையொன்று நெருக்கி நசுங்குகின்றன. அடிப்பக்க மடிப்புகள் முழுவதுமாக இழுபடுகின்றன. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் ரப்பர் அந்த வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுக்கொண்டுவிடும். மீண்டும் இறக்கும்போது எதிர்ப்பக்கமாக மடிய வேண்டியிருப்பதால் பள்ளங்களில் வெடிக்கும். ஆகவே படகைக் கரையில் நிறுத்தினால் டிரைவைக் கீழே இறக்கி வைத்திருப்பதே சரி. ஆனால் உப்புத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு இந்த அறிவுரையை அப்படியே சொல்லிவிட முடியாது. டிரைவை இறக்கி வைத்தால், பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் கூரிய ஓடுள்ள கொட்டலசு என்ற கடலுயிரி அதன் மேல் குடியேறும். துருத்தியின் மடிப்புக்குள் வளர்ந்த கொட்டலசு, டிரைவ் திரும்பும்போது இரு மடிப்புகளுக்கு இடையே சிக்கி, உடைந்த சிப்பியின் ஓடு போல ரப்பரை அறுக்கும். தூக்கி வைத்தால் ரப்பர் இழுபடும். இறக்கி வைத்தால் கொட்டலசு அறுக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் துருத்தியின் ஆயுள் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு, அத்தகைய படகுகளுக்கு மாற்றும் இடைவெளியைச் சுருக்கிக்கொள்வதே நான் சொல்லக்கூடிய ஒரே வழி.

அந்த இடைவெளி எவ்வளவு? தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். சில மாதிரிகளுக்கு இரண்டே ஆண்டுகள். வேறு சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சோதனையும் குறிப்பிட்ட காலத்தில் மாற்றமும். கையேட்டில் எழுதியிருப்பது உதிரிபாகம் விற்பதற்கான தந்திரம் என்று சொல்பவர்களுடன் நான் வாதிடுவதில்லை. ஒரு துருத்தியின் விலையையும், அது கிழிந்தபின் மாற்ற வேண்டிய கிம்பல் பேரிங், யூனிவர்சல் ஜாயின்டுகள், சில சமயம் டிரைவின் உள்தண்டு, துரதிர்ஷ்டம் முற்றினால் எஞ்சின் என்று நீளும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

மாற்றும் வேலையைத் தாமே செய்ய விரும்பும் வாசகர்கள் இருக்கக்கூடும். அவர்களை நான் தடுக்க மாட்டேன். டிரைவ் கனமானது, தனியாகத் தூக்கினால் முதுகு போகும்; அதற்கான ஸ்டாண்டு ஒன்றை முதலில் தேடிக்கொள்ளுங்கள். கழற்றும்போது கியர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதால் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே தொடங்குங்கள். டிரைவ் வெளியே வந்தபின், துருத்திகளின் வெளிமுனை பொருந்தும் உலோகக் கூடான பெல் ஹவுசிங்கைத் தாங்கியிருக்கும் இரு பக்கத்து ஆணிகளும் பெரும்பாலும் அசைய மறுக்கும். அவற்றுக்கென்று தனிச் சாவி உண்டு, அதில்லாமல் முரட்டுத்தனம் காட்டினால் ஆணியின் தலை உருண்டுவிடும். இதுவரை சொன்னவை உடல் உழைப்பு மட்டுமே. வேலை நிற்பதும் விழுவதும் இதற்கு அடுத்த கட்டத்தில்தான், அதாவது துருத்தி உட்காரும் உலோக விளிம்பைச் சுத்தம் செய்வதில்.

பழைய துருத்தியை உரித்தபின் அந்த விளிம்பில் காய்ந்த பசையும், அலுமினியம் அரித்து உண்டான வெண்பொடியும் அப்பியிருக்கும். அவற்றைச் சுரண்டி, தேய்த்து, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை விடக் கூடாது. பசை வைத்து ஒட்டும் மாதிரிகளில், துருத்தியிலும் உலோகத்திலும் மெல்லிய பூச்சாகப் பசையைத் தடவி, விரலால் தொட்டால் பிசுபிசுக்குமே தவிர விரலோடு ஒட்டி வராத நிலை வரும்வரை, சுமார் 10 நிமிடங்கள், காத்திருக்க வேண்டும். வேலை கற்ற நாட்களில் இந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை. ஈரப் பசையோடு துருத்தியை ஏற்றி, கிளாம்ப்பையும் இறுக்கிவிட்டுப் பெருமையோடு நின்றேன். ஈரப் பசை மசகு எண்ணெய் போல வழுக்கியதில், டிரைவைத் தூக்கிச் சோதித்தபோதே துருத்தி விளிம்பிலிருந்து கழன்று வந்துவிட்டது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் கழன்றதால் பிழைத்தேன். எல்லாத் தயாரிப்பாளர்களும் பசை கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பசை வேண்டாம் என்று கையேடு சொன்னால் வேண்டாம்தான், கூடுதல் பாதுகாப்புக்கு என்று பூசக் கூடாது.

கிளாம்ப்பின் திருகு எந்தப் பக்கம் பார்த்து அமைய வேண்டும் என்பதுகூடக் கையேட்டில் குறித்திருக்கும். கைக்கு எட்டும் பக்கமாக வைத்துவிட்டால், டிரைவ் கடைசிவரை திரும்பும்போது திருகின் தலை எதிலாவது இடித்து வளையும், அல்லது பக்கத்துத் துருத்தியை உரசித் துளைக்கும். துருத்திக்கும் மேல், கீழ் உண்டு. பெரும்பாலும் மேல்பக்கத்தை அச்சிலேயே குறித்திருப்பார்கள். டிரைவ் வெளியே இருக்கும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் கிம்பல் பேரிங்கையும் சுழற்றிப் பாருங்கள். சிறிது சொரசொரப்பு இருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். மாற்றும்போது பேரிங்கில் கிரீஸ் நுழையும் துளையும் ஹவுசிங்கில் உள்ள துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் செலுத்தும் நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் பேரிங்குக்குச் சொட்டுகூடப் போகாது. கடைசியாக எஞ்சினின் நேர்கோட்டைச் சோதிக்கும் நீண்ட உலோகத் தண்டை பேரிங் வழியாக, டிரைவின் தண்டு பொருந்தும் எஞ்சின் கப்ளருக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு விரல்களால் தள்ளினாலே அது உள்ளே போய் வர வேண்டும். சுத்தியலைத் தேட வேண்டியிருந்தால் எஞ்சின் தாங்கிகளைச் சரிசெய்யாமல் டிரைவை மாட்டக் கூடாது. புகைத் துருத்திக்குப் பதிலாக மடிப்பில்லாத குட்டையான குழாயைப் பொருத்தும் வழக்கமும் சில மாதிரிகளில் உண்டு. சத்தம் சற்றுக் கூடினாலும், கிழிய ஒரு பொருள் குறைகிறது என்ற வகையில் எனக்கு அதில் மறுப்பில்லை.

வேலை முடிந்து படகைத் தண்ணீரில் இறக்கியதும் டிரெய்லரை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் பின்பலகையின் உட்புறத்தையும் கியர் கேபிள் உள்ளே வரும் இடத்தையும் பாருங்கள். உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றை அந்த இடத்துக்கு அடியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது என் பழக்கம். காகிதம் ஒரு சொட்டைக்கூட மறைக்காது.

பணிமனைகளின் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. நானும் அத்தொழிலைச் சேர்ந்தவன் என்பதால் சொல்லும் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். என்னிடம் வந்த படகு ஒன்றின் பழைய ரசீதில் பெல்லோஸ் மாற்றியதாகத் தெளிவாக எழுதியிருந்தது. கழற்றிப் பார்த்தால் புகைத் துருத்தி மட்டும் புதிது. தண்டின் துருத்தியும் கேபிள் துருத்தியும் தொட்டால் உதிரும் நிலையில் பழையவை. ரசீதில் இருந்த சொல்லில் பொய் இல்லை, ஆனால் எந்தத் துருத்தி என்று அதில் இல்லை. டிரைவைக் கழற்றி மாட்டும் கூலிதான் இந்த வேலையில் பெரிது. அதைச் செலவழித்தபின் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே படகு உரிமையாளர்கள் ரசீதில் ஒவ்வொரு துருத்தியின் பெயரையும் தனித்தனியே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கழற்றிய பழைய துருத்திகளையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய படகை வாங்குபவர்கள் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் கேட்பதற்கு முன் துருத்திகள் மாற்றிய தேதியைக் கேட்க வேண்டும். விற்பவரால் தேதி சொல்ல முடியவில்லை என்றால், அவை மாற்றப்படவே இல்லை என்று கொண்டு விலை பேசுவதுதான் முறை.

தங்கள் வார இணைப்பில் இப்பொருள் மீண்டும் இடம்பெறுமானால், விரிசல் தென்பட்டால் மாற்ற வேண்டும் என்ற வரியைத் திருத்தி, கையேட்டில் சொன்ன காலம் முடிந்தால் விரிசல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்றும், இடையில் எப்போது விரிசல் தென்பட்டாலும் படகைத் தண்ணீரிலிருந்து உடனே எடுக்க வேண்டும் என்றும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் வேலை செய்யும் படகுகளில், எஞ்சின் மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி, பின்பலகையின் உட்புறத்தில் மூன்று துருத்திகளும் மாற்றப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் பெயின்டால் எழுதி வைக்கிறேன். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் நானாக இல்லாமல் போகலாம்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்